கழித்த வானம்

படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

முதலில் திரையைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

மலை மேல் தொலைநோக்கியில் நான்கு இரவு கண்விழித்து எடுத்த படம். தூசிமேகத்துக்குள் புதிதாகப் பிறந்த விண்மீன் கூட்டம். வெறும் கண்ணுக்கு அங்கே இருட்டுதான். அகச்சிவப்புக் கருவிக்கு மட்டும் அறுபத்தொரு விண்மீன்கள் அகப்பட்டிருந்தன.

நடுவே இந்தக் கறுப்பு.

அகச்சிவப்பில் ஒரு தொல்லை உண்டு. வானமே ஒளிரும். அதனால் கூட்டத்தை ஒரு படம் எடுத்தால், பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும். முதல் படத்திலிருந்து இதைக் கழித்தால் விண்மீன்கள் மட்டும் மிஞ்சும்.

அந்த ஒன்றுமில்லாத இடத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அவளுக்கு யோசனையெல்லாம் வீட்டின் மேல். அங்கே கணவரும் இரண்டு பிள்ளைகளும். ஜெரால்டு ப்ளஸ் டூ. ப்ளஸ் டூ படிக்கிற வீட்டில் மிக்சிகூடப் பயந்து பயந்துதான் ஓடும். போனை எடுப்பது எட்டாவது படிக்கும் ஷெரின். அண்ணன் எப்போது எழுந்தான், என்ன சாப்பிட்டான், எந்தப் பாடம் முடித்தான், எல்லாம் ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவாள். சமர்த்து. அவளால் ஒரு தொந்தரவும் கிடையாது.

வெற்று வானத்தின் படங்களைத் திறந்தாள். கழிப்பதற்கென்றே எடுத்தவை. அதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

அங்கே ஒரு விண்மீன் இருந்தது.

நான்கு இரவும், அதே இடத்தில், பளிச்சென்று.

இருந்ததை இல்லையென்று கழித்திருக்கிறாள். அதுதான் ஓட்டையாக விழுந்திருக்கிறது.

தன் மேலேயே எரிச்சலாக வந்தது. இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு தப்பா?

டீ ஆறிப்போயிருந்தது. வீட்டுக்குப் போன் பேசும் நேரம்.

"அண்ணன் அஞ்சு மணிக்கே எந்திச்சிட்டாம்மா. மூணு தோசை சாப்ட்டான். இப்ப கெமிஸ்ட்ரி..."

குரல் கம்மியிருந்தது. நேற்றும் இப்படித்தான் இருந்ததோ? அவளுக்கு நினைவில்லை. நேற்று மகளின் குரலைக் கேட்கவில்லை, செய்தியைத்தான் கேட்டாள்.

"அண்ணன் இருக்கட்டும். நீ எப்படிம்மா இருக்க?"

"நானா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"முந்தாநாளே பெரிய மனுஷி ஆயிட்டேம்மா. அண்ணனுக்குப் பரீட்சைன்னு யார்கிட்டயும் சொல்லல."