மீசைப் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கண் விழித்த ஜெரின், படுத்தபடியே செல்போனை எடுத்தான். அதில் வந்திருந்த வீடியோவில் ஆட்டோக்காரர் இராமதாஸ் அவனைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். உப்பளம் பகுதியில் அவர்கள் தெருவில் நாற்பது புங்கங்கன்று நடப்போவதாக, அதே தெரு நர்ஸ் வெரோனிகா வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகக் கூவிக்கொண்டிருந்தார். தொண்ணூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஜெரினும்தான் காட்டினான். அன்று காலை ஆறரை மணிக்கு வந்து நின்றது இரண்டே பேர். அதில் ஒருவர் வெரோனிகா.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவை நிறுத்தி இறங்கியிருக்கிறார் இராமதாஸ். முப்பது வருஷமாக எண்ணெய் போட்டு வளர்த்த மீசை அவருக்கு. அதை முறுக்கிவிட்டபடியே வீடியோவில் பேசினார்.

"இந்தப் பசங்களா மரம் வைக்கப் போறானுங்க? ஸ்டெல்லாமேரி மவன் ஜெரினு, அவன் சர்ச் பூசைக்கே எழுந்திரிக்க மாட்டான். ஆட்டோ நிறுத்தற எடம் போறதுதான் மிச்சம். வெச்சதுல பாதி மூணு மாசம் தாங்கட்டும், இந்த மீசைய எடுத்துடறேன்."

குழுவில் அதைப் போட்டதே வெரோனிகாதான். ரொம்ப மனசு வலிக்குது தம்பிங்களா என்று கீழே ஒரு வரி வேறு எழுதியிருந்தார்.

ஜெரினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அவரு என்னடா பொய்யா சொன்னாரு?" என்று ஸ்டெல்லாமேரி அடுப்படியிலிருந்து கேட்டது இன்னும் எரிந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவன் போன் போடாத ஆள் இல்லை.

சாயங்காலம் அறுபது பேர் கடப்பாரையோடு தெருவில் நின்றார்கள். இராமதாஸும் கூடவே நின்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு குறை சொன்னார். இது குழியா, நாய் தோண்டின பள்ளமா என்றார். பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு முழம் தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் நாற்பது கன்றும் மண்ணில் நின்றன.

அதோடு விட்டாரா மனுஷன்? தினமும் காலையில் ஆட்டோவை மெதுவாக ஓட்டிவந்து, இன்னிக்குத் தண்ணி ஊத்தலியா, எனக்கு நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்தே ஜெரின் விடியற்காலையில் எழுந்து கேன் தூக்கினான். வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்தறியாத பிள்ளை தெருவுக்கெல்லாம் ஊற்றுகிறானே என்று அம்மா வாய்விட்டே அங்கலாய்த்தாள். ஆடு மூன்று கன்றுகளைக் கடித்துப்போட்ட அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே மற்றதற்கெல்லாம் வலை கட்டினான்.

மூன்று மாதம் முடிந்தது. முப்பத்தேழு நின்றன. நம்பாமல் இராமதாஸ் இரண்டு தடவை எண்ணினார். அப்புறம் நேராகச் சலூனில் போய் உட்கார்ந்தார். பையன்கள் வாசலில் சரவெடி வைத்தார்கள், ஜெரின் உள்ளேயே போய்ப் படம் பிடித்தான். இராமதாஸ் வீட்டில் அவர் மனைவி செல்வாம்பாள் நாலு நாள் புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டபோது ஜெரினுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ரொம்ப இல்லை, கொஞ்சம்தான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்கெல்லாம் ஊரின் மறுகோடியில், கருவடிக்குப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனான். தெருமுனையில் சின்னக் கூட்டம். நடுவில் பழக்கப்பட்ட குரல்.

"இந்தப் பசங்களா மரம் வைக்கப் போறானுங்க? ஆட்டோ நிறுத்தற எடம் போறதுதான் மிச்சம். பாதி மூணு மாசம் தாங்கட்டும், நான் மொட்டை அடிச்சிக்கறேன்."

எதிரே வெரோனிகா, அழுதுவிடுவது போன்ற முகத்தோடு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். காலடியில் கன்றுகள். பக்கத்தில் உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர், முறைத்தபடி.

ஜெரினுக்கு உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. உப்பளத்து ஆட்டோவுக்குக் கருவடிக்குப்பத்தில் எதற்கு இடம்? அந்த ஒரு முழக் குழியும், காலைப் பேச்சும், முப்பது வருஷத்து மீசையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. சிரிப்பு வந்தது.

இராமதாஸ் அவனைப் பார்த்துவிட்டார். பேச்சு பாதியில் நின்றது. முறுக்கப் போன கை, மீசை இன்னும் முள்ளாகவே முளைத்திருந்த உதட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது. காட்டிக் கொடுத்துடாதடா என்று கண் கெஞ்சியது.

ஒரு பையன் திரும்பினான். "அண்ணா, இந்த ஆள உங்களுக்குத் தெரியுமா?"

சலூன் வீடியோ ஜெரினின் செல்போனில்தான் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தடவித் தடவி வளர்த்திருந்த தன் மெல்லிய மீசையைத்தான் முறுக்கினான்.

"தெரியும். அவரு சொல்றதுதான் சரி. கருவடிக்குப்பத்துப் பசங்களால ஒரு செடியக் கூட வளக்க முடியாது. வளத்துக் காட்டுங்க, அவரு மொட்டை அடிக்கிற அன்னிக்கே நானும் என் மீசைய எடுத்துடறேன்."