அம்மா தூங்குகிறாள்

நைட் ஷிப்ட் முடித்த ஞானம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து வாசலில் செருப்பை விடுகிறாள். கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே மகள் சோனியா பாயை விரித்து வைத்திருக்கிறாள். ஓவியக் கல்லூரியில் படிக்கும் சோனியா, போன வாரம் இதே பாயில் வாய் திறந்தபடி அசந்து கிடந்த அம்மாவை வகுப்பு வேலைக்காக வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். சீருடையைக்கூடக் கழற்றாத தூக்கம்; நீலக் கோட்டின் மேல் ஜன்னல் வெயில். வகுப்பே கைதட்டியது. கும்மிடிப்பூண்டி சிப்காட் முழுக்க அது போனுக்குப் போன் பரவிவிட்டது. “அழிச்சிட்டேம்மா,” என்கிறாள் சோனியா. ஞானம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். “பஸ்ல எல்லார் போன்லயும் கீதே. என் வாய்ல ஈ பூருதான்னு பாத்துக்கினு வரானுங்க. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?” குரலில் கோபம்கூட இல்லை. சோனியாவின் கையில் போன் அதிர்கிறது. வீடியோவை ஏன் நீக்கினாய், கண்காட்சிக்கு வேண்டுமே என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். போனைத் தரையில் கவிழ்த்து வைக்கிறாள். ஞானம்மா குனிந்து பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். உள்ளே குடமும் பாத்திரங்களும் ஓரமாக நகர்கின்றன, பாய் விரிகிறது. கூடத்தில் வெறும் தரையின் மேல் ஃபேன் சுற்றுகிறது. பிறகு துருவேறிய தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடித்து விழுகிறது. பிறந்து வளர்ந்த வீட்டில் அந்தச் சத்தத்தை சோனியா இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள்.