சாப்பாட்டுக்கு முன்

மதிய வெயில் ஜன்னல் வழியே மனைவியின் போர்வைமேல் விழுந்து கிடக்கிறது. விபத்துக்குப் பிறகு அவள் கண் திறக்கவே இல்லை. மூக்குக் குழாயில் பாலை ஊற்ற நர்ஸ் கிண்ணத்தை எடுக்கிறாள். “கொஞ்சம் இரும்மா, ஜெபம் பண்ணிக்கிறேன்,” என்று கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்கிறார். “அவங்களுக்குக் கேக்காதுண்ணே. டாக்டரே கையை விரிச்சிட்டாரே.” “தெரியும்மா. எனக்கும் நம்பிக்கை விட்டுப்போச்சு. ஆனா ஜெபம் பண்ணாம இவ ஒரு வாய் சாப்பிட்டதில்ல.” அவளுடைய சில்லிட்ட விரல்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்,” என்கிறார். நர்ஸும் தலை குனிகிறாள். “ஆமென்” என்று முடித்தவர், மனைவியும் சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல் வழக்கப்படி சற்று நிற்கிறார். தலைமாட்டு இயந்திரம் மட்டும் விட்டு விட்டு ஒலிக்கிறது. “சரி, ஊத்தும்மா,” என்கிறார்.