வியாழக்கிழமையே கிளம்பிய நத்தை

நகரத்தின் நடுவே ஒரு பழைய பூங்கா. அங்கிருந்த கல் நீரூற்றில், அதைக் கட்டிய வருஷத்தைச் சொல்லும் எழுத்துகள் பாசிக்குள் மறைந்துபோயிருந்தன. எழுத்து தெரியாவிட்டால், ஏதோ பாழடைந்த தொட்டி என்று இடித்துவிடுவார்கள் எனப் பேச்சு அடிபட்டது. ஞாயிறு காலை எல்லோரும் கூடிப் பாசியைச் சுரண்டுவது என்று மைனா பூங்கா முழுக்கச் சொல்லிவிட்டுப் போனது.

வாசல் பக்கம் குடியிருந்த நத்தை வியாழக்கிழமையே கிளம்பிவிட்டது.

"நீ போய் வேலை செஞ்சு, விளங்கின மாதிரிதான்," என்று அதைத் தாண்டிக் குதித்தது அணில். நத்தை நிற்காமல் ஊர்ந்தது. வாயைக் கொடுத்தால் அரை முழம் பின்தங்கிவிடும். வெயில் ஏறினால் ஓட்டுக்குள் ஒடுங்கியது, தாழ்ந்ததும் நகர்ந்தது.

நீரூற்றடிக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிறு சாயங்காலம் ஆகிவிட்டது. மைனா மட்டும் சிந்திக் கிடந்த சுண்டலைக் கொத்திக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் வர்றியா? காலையிலேயே எல்லாம் முடிஞ்சு போச்சு. என்ன கூட்டங்கிற. வரவேற்புரை, உறுதிமொழி, நன்றியுரைன்னு அமர்க்களப்படுத்திட்டோம்."

நத்தை கொம்புகளை நீட்டி மேலே பார்த்தது.

"பாசி அப்படியே இருக்கே?"

"பேசி முடிக்கிறதுக்குள்ள வெயில் வந்துருச்சு. அதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

"அப்ப நான் லேட் இல்ல," என்ற நத்தை, கல்லில் ஏறி முதல் எழுத்திலிருந்து பாசியைத் தின்னத் தொடங்கியது.