எட்டு நாள் பூசை

1965ஆம் ஆண்டு, புரட்டாசி மாதம். ஆயுத பூசை கழிந்து ஐந்தாம் நாள், சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி.

இலங்கை மலையகத்தின் காசல்ரீ அணையில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அதற்கு ஆறடி மேலே, தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் ஜெட் படகு தொங்கிக்கொண்டிருந்தது.

படகுத்துறையின் ஓரத்தில் நான்கு இரும்புக் கம்பங்கள். மேலே தகரக் கூரை. இரண்டு பட்டைக் கயிறுகள். தூக்கவும் இறக்கவும் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த சங்கிலிக் கப்பி. தண்ணீரிலேயே கிடந்தால் அடிப்பாகத்தில் பாசி அடைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

"எறக்குடா படகை," என்றார் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம்.

"எறக்கக் கூடாதுங்கய்யா. பூச போட்டிருக்கு," என்றான் படகுக்காரன் மாயாண்டி.

உண்மைதான். படகின் மூக்கில் சந்தனம் இருந்தது. கப்பிக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது.

"பூச முடிஞ்சு அஞ்சு நாளாச்சு. மம்பட்டி, கவ்வாத்துக் கத்தி, பெக்டரி மிசினு எல்லாம் மறுநாளே வேலைக்கு வந்திருச்சு. ஒன் படகுக்கு மட்டும் என்ன லீவு?"

"அதெல்லாம் தரையில இருக்கிறதுங்க. இது தொங்குறது. தொங்குற ஆயுதத்துக்கு எட்டு நாளுங்க."

"யாரு சொன்னா?"

"பூசாரி."

படகுத்துறையில் நின்றிருந்த பெரிய துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பூசாரி சொன்னா சரி. சாமி விசயத்துலே நம்ம கை போடறது இல்லே."

படகில் சுற்றவென்று பக்கத்துத் தோட்டத்துத் துரையும் துரைசானியும் வந்திருந்தார்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்கி, பங்களாவுக்குத் தேநீர் அருந்தப் போகலாம் என்றார். விருந்தாளித் துரை உடனே எழுந்துவிட்டார். துரைசானி எழவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு, எட்டு மைல் காரில் வந்தவர் அவர்.

"ஒரு நிமிசங்க தொரை," என்றார் முத்துலிங்கம். "நேத்தே மாலையப் பாத்துட்டுப் பூசாரி சோலைமலைகிட்ட கேட்டுட்டேன். அப்பிடி ஒரு கணக்கு எந்தக் கோயில்லயும் கெடையாதுங்கிறாரு. இவன் சோம்பேறிங்க. ரெண்டு மாசமா ஒரு சனிக்கெழமை கூட இந்தப் படகு எறங்கல. ஒரு வாரம் கப்பி துருங்கிறான். மறுவாரம் தகரத்துல குளவிக்கூடுங்கிறான். இப்ப சாமி பேர்ல பொய்."

"குளவி நெசங்கய்யா," என்றான் மாயாண்டி.

"வாய மூடு."

முத்துலிங்கம் மாலையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். சங்கிலியைத் தாமே இழுத்தார். கடகடவென்று படகு ஓரடி இறங்கியது. மாயாண்டி ஓடிவந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்கய்யா."

"கைய எடு. இல்லன்னா இன்னைக்கே ஒனக்குப் பத்துச்சீட்டு. வேலையும் இல்ல, காம்பராவும் இல்ல. பொண்டாட்டி புள்ளைங்களோட ரோட்டுல நிப்ப."

மாயாண்டிக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு லயத்துக் காம்பராவும் இருந்தன. வேறெதுவும் இல்லை.

அவன் துரையைப் பார்த்தான். துரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்கய்யா பத்துச்சீட்ட," என்றான் மாயாண்டி. சங்கிலியை விடவில்லை.

பிறகு துரை தொப்பியைக் கழற்றினார்.

"முத்துலிங்கம், அவனை விடு. மாயாண்டி சோம்பேறி இல்லே. நம்மளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணியிலே போனா பயமா இருக்குது."

விலைப்பட்டியலில் படம் அழகாக இருந்ததென்று வாங்கிய படகு அது. வந்த முதல் நாள் நான்கே நிமிடம் ஓடியது. அந்த நான்கு நிமிடமும் துரை இருக்கையில் இல்லை. படகின் தரையில் அமர்ந்து, மாயாண்டியின் இரு கால்களையும் கட்டிப்பிடித்திருந்தார்.

"பொய் சொல்லுன்னு நம்ம சொல்லல்லே," என்றார் துரை. "ஒவ்வொரு சனிக்கெழமையும் நம்மளுக்காக அவனே சொன்னான். எல்லாரும் அவனைத் திட்டும்போது, நம்ம சும்மா நின்னுச்சு. அது தப்பு."

முத்துலிங்கத்தின் கையில் சங்கிலி தொங்கியது.

"ஏண்டா, இத எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்ககிட்ட சொன்னா, வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுல எல்லாருக்கும் சொன்ன மாதிரிங்கய்யா."

நடந்ததைத் துரைசானி கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படியானால் படகை இறக்கத் தடை ஏதும் இல்லையே என்றார். தம் கணவரைத் திரும்பிப் பார்த்தார். நண்பரைக் கரையில் தனியே விட்டு வருவது மரியாதையாகாது என்று கணவர் சொல்லிவிட்டார்.

ஆகவே மாயாண்டி படகை ஓட்ட, துரைசானி மட்டும் அணையை இரண்டு முறை சுற்றி வந்தார். இரண்டாம் சுற்றில் அவருடைய சிரிப்பு கரை வரை கேட்டது. இரண்டு துரைமார்களும் வேறு பக்கம் பார்த்தபடி, தேயிலை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாயாண்டியின் பேர் வேலைப் பதிவிலிருந்து வெட்டப்படவில்லை. அன்றைய நாளும் முழுக் கூலிக்குரிய முழுப் பேராகவே விழுந்தது.

மறுநாள், ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீரய்யா என்றோர் ஆள் எட்டு மைல் நடந்து வந்து, மாயாண்டியின் கையில் பத்து ரூபாய் கொடுத்தான்.

"எங்க தொரைசானி இதே மாதிரி ஒரு படகு வாங்கியே ஆகணும்னு நிக்கிறாங்க. வந்ததும் தூக்கிக் கட்டி வைக்க நீங்கதான் வரணும்னு, தொரைசானிக்குத் தெரியாம எங்க தொரை சொல்லச் சொன்னாரு. இது அச்சாரமாம்."