வலது கை மூலை

என் யானை மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

எதிரே பல் டாக்டர். மேஜைக்கடியில் அவருடைய முழங்கால் ஆடுவதில் என் நாற்காலியும் சேர்ந்து அதிர்ந்தது. அவருடைய ராணி என் ராஜாவின் வாசல்வரை வந்துவிட்டது. என் பக்கக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குத்தான் கிளப்பில் மாலை வகுப்பு எடுக்கும் வேலை. டாக்டருக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அது ஒரு சம்பளம், தனியாக ஒரு வீட்டுச் சாவி.

தாக்குவதா, தடுப்பதா? மனம் அல்லாடியபோது அண்ணியின் குரல் காதில் கேட்டது. புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல் ஒரே ராகத்தில் வாசிக்கும் குரல்.

‘என்ன செய்வதென்று தெரியாதபோது, உன் காய்களில் எது வேலையில்லாமல் நிற்கிறது என்று பார். முதலில் அதற்கு ஒரு வழி செய்.’

அட்டை கிழிந்த பழைய புத்தகம். சதுரங்கம் கற்க வருகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் கைகாட்டுகிற புத்தகமாம். இந்த ஒரு வரிக்காகவே அதை எழுதியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். இந்த மேஜைவரை என்னைக் கூட்டிவந்தது அந்தப் புத்தகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். புத்தகம் ஏது என்று கேட்டதற்கு, யாரோ வாடிக்கையாளர் மறந்து வைத்துவிட்டுப் போனது என்றார்.

கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்த புதிதில் நான் பேசுவதையே விட்டிருந்தேன். கோபம் என்றில்லை. வாயைத் திறக்கத் தோன்றவில்லை. சாப்பிட்டாயா என்று அண்ணன் கேட்டால் தலையாட்டுவேன். மற்ற நேரமெல்லாம் பின்னறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. அதுதான் வசதி.

நாத்தனார் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டால் எந்த அண்ணிக்கும் முகம் கொஞ்சம் கோணத்தான் செய்யும். இவர் முகம் கோணவில்லை. ஒரு நாள் சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து என் கட்டிலில் பொத்தென்று வைத்தார். தனக்குச் சதுரங்கம் கற்க ரொம்ப நாளாக ஆசையாம். எதிரில் காய் நகர்த்த ஒரு கை வேண்டும், வாய் அவசியமில்லை என்றார்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஆடிய ஞாபகம் கொஞ்சம் இருந்தது. கையை மட்டும் கொடுத்தேன்.

முதல் பக்கத்தை, அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தார் அண்ணி. வாசிப்பார், நகர்த்துவார், தோற்பார், புத்தகத்தைத் திட்டுவார். மறுநாள் கடையிலிருந்து வந்ததும் விரலில் ஒட்டிய பசை காயும் முன்பே மறுபடி வந்து உட்காருவார். வெட்கமே கிடையாது.

ஆனால் எதுவுமே பொருந்தி வரவில்லை. புத்தகத்துப் படத்தில் வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் ராணி எங்கள் பலகையில் கறுப்பில் நின்றது. வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் குமைந்தேன். ஒரு நாள் பொறுக்கவில்லை.

“அண்ணி, பலகையையே தப்பா வச்சிருக்கீங்க! வலது கை மூலையில வெள்ளைக் கட்டம்தான் வரணும்!”

அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் பேசிய முதல் பேச்சு அது. பேச்சுகூட இல்லை, கத்தல். முன்னறையிலிருந்து அண்ணன் செய்தித்தாளும் கையுமாக ஓடிவந்து வாசலில் நின்றார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, இத்தனை நாளும் இப்படியா ஆடினோம்? நல்லவேளை, நீயாவது பார்த்தியே!”

அதற்குப் பிறகு என் வாயை மூட யாராலும் முடியவில்லை. பலகையைத் திருத்திய கர்வத்தில் புத்தகத்தையும் பிடுங்கிக்கொண்டேன். அவர் தள்ளிவிட்ட முதல் பக்கத்தைத் திறந்தால், முதல் படமே வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம். சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். விளக்கம் சொன்னேன், சண்டை போட்டேன், அண்ணனையும் இழுத்துவைத்துத் தோற்கடித்தேன். அண்ணி மட்டும் கடைசிவரை தேறவில்லை.

இன்றும் அவரைக் கேலி செய்வேன். சட்டத்தில் ஒரு நூல் கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவர், போகிற வீட்டிலெல்லாம் சாய்ந்த படத்தை நேராக்காமல் உட்காராதவர், இந்தப் பலகை விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டார்?

யானையை மூலையிலிருந்து எடுத்தேன். நடுவில் திறந்து கிடந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

டாக்டரின் முழங்கால் நின்றது.

வாசலுக்கு வந்திருந்த ராணி அவசரமாகத் திரும்பி ஓடியது. பயனில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பலகையை முறைத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் தன் ராஜாவைப் படுக்கவைத்தார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அப்போதுதான் அண்ணி கூடத்துக்குள் நுழைந்தார். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், கட்டியிருந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

அடுத்த வகுப்புக்காகக் காலி மேஜைகளில் யாரோ பலகைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையாட்டியபடி மேஜைகளுக்கு நடுவே வந்தவர், ஒன்றின் பக்கத்தில் மட்டும் நின்றார். அந்தப் பலகையில் கோணல் எதுவும் இல்லை. மேஜை விளிம்போடு விளிம்பாக நேராகத்தான் இருந்தது. வலது கை மூலையில் மட்டும் கறுப்புக் கட்டம்.

அண்ணி அதைக் கால் சுற்றுத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

“ஜெயிச்சிட்டியா? எனக்குத்தான் இந்த ஆட்டம் மண்டையில ஏறவே மாட்டேங்குது.”

பசை ஒட்டிய அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.