நீர்வரத்து

“சனிக்கிழமை ஒரே நாள்ல நாப்பது தடவை ஒகேனக்கல் நீர்வரத்து எவ்வளவுன்னு பாத்திருக்கீங்க. ஆபீஸ் நெட்டுல டூர் பிளான் போடறீங்களா?” மேனேஜர் பிரபாகர் மெமோவை மேசை மேல் வீசினார்.

“வேலை எதுவும் நிக்கலைங்க சார்” என்றாள் யுவராணி.

“நான் ஒரு நாள் லீவு போட்டா இப்படியா? ஏற்கெனவே நான் கடுப்புல இருக்கேன். அன்னிக்குக் குடும்பத்தோட ஒகேனக்கல்தான் போயிருந்தேன். பரிசல்ல ஏறி உக்காந்துட்டோம். அந்தப் பரிசல்காரனுக்கு ஒரு போன் வந்துச்சு. உடனே, ‘தண்ணி ஏறுது, எல்லாரும் இறங்குங்க’ன்னுட்டான். நான் யாருன்னு சொல்லியும் கேக்கல. திமிர் புடிச்சவன்! அரை மணி நேரத்துல வெள்ளம் வந்தது வேற விஷயம். அதுக்காகக் கையைப் புடிச்சு இழுத்து இறக்கறதா?”

யுவராணியின் முகம் சிவந்தது.

“என்ன முறைக்கறீங்க? யாருக்காகப் பாத்தீங்க, அதனால கம்பெனிக்கு என்ன லாபம்? ரெண்டுக்கும் இப்பவே எழுத்துல பதில் வேணும்.”

அவள் நின்றபடியே எழுதினாள். அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. மெமோவை அவர் முன்னால் வீசிவிட்டுப் போனாள்.

பிரபாகர் எடுத்துப் படித்தார்.

‘ஒன்று: பரிசல் ஓட்டும் என் கணவருக்காகப் பார்த்தேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். நீர்வரத்து ஏறியதும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னது நான்தான்.

இரண்டு: இந்த மெமோவில் கையெழுத்துப் போட, கம்பெனிக்கு மேனேஜர் உயிரோடு இருக்கிறார்.’